ஒருவருக்கென்று ஒரு குளியலறை

வீடு கட்டக் கடன் கோரி நமது சங்க அங்கத்தினர்கள் அளிக்கும் விண்ணப்பங்களையும், அவற்றுடன் இணைந்து வரும் வரைபடங்களையும் நாம் ஆண்டுதோறும் பார்வையிட்டு வருகிறோம். நெசவாளரின் வரைபடமாயின், தறி எங்கே நிற்கும், குழி எங்கே வெட்டப்படும், வெளிச்சம் எத்திசையிலிருந்து விழும் என்பன முதலிலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கும். விவசாயியின் வரைபடத்தில் நெல் மூட்டைகளுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அடுப்படிக்கும் பூஜை மாடத்திற்கும் திசை பார்த்திருப்பார்கள். இவையெல்லாம் போக மிஞ்சிய மூலையில், பெரும்பாலும் மாடிப்படியின் அடியில், நாலடிக்கு நாலடியாக ஒரு சதுரம் வரைந்து அதனுள் ‘குளியல்’ என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சதுரத்தினுள் நுழையப் போகிறவர் யார், அவருடைய வயதென்ன, அவர் நின்று குளிப்பவரா, உட்கார்ந்து குளிப்பவரா, எந்த வேளையில் குளிப்பவர், எந்தக் கை வலிமையுள்ள கை என்று எவரும் விசாரிப்பதில்லை. கடன் கொடுக்கும் நாமும் விசாரிப்பதில்லை. நமது படிவத்தில் அதற்கு இடமில்லை.

இதனால் விளையும் துன்பம் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. ஆயினும் அது மெய்யான துன்பம். அதனை விளக்க ஓர் உதாரணத்தைக் கூறுவது நலம்.

வைகைக்கு வடக்கே, கைத்தறி ஓசை இன்னும் முற்றிலும் அடங்கிவிடாத ஒரு பேட்டையில் வசிப்பவர் அந்தப் பெரியவர். ஐம்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து மிதி மிதித்தவர். சங்கத்தின் பழைய அங்கத்தினர். நிர்வாக சபையிலும் சில காலம் இருந்தவர். அறுபத்தெட்டாம் வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து உயிருடன் திரும்பினார், பேச்சும் திரும்பியது. இடது கையும் இடது காலும் மட்டும் முன்போல் வசப்படவில்லை. கோலூன்றி மெல்ல நடக்கலானார்.

அவருடைய குமாரர் தந்தையிடம் மிகுந்த பக்தியுடையவர். தந்தை கொல்லைப்புறம் வரை நடந்து துன்புறலாகாது என்று கருதி, கடன் பெற்று, வீட்டினுள்ளேயே புதிய குளியலறை ஒன்றைக் கட்டுவித்தார். சுவரில் ஆளுயரத்திற்குப் பளபளக்கும் ஓடு. தரையிலும் அதே ஓடு. உட்காரும் வகையான மேனாட்டுக் கழிப்பிடம், தலைக்கு மேல் பூவாளிக் குழாய், வெந்நீர் தரும் மின்சாரக் கொதிகலன், பிடித்து எழுவதற்கு ஒரு எஃகுக் கம்பி ஆகிய யாவும் இருந்தன. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். நாம் அவ்வீட்டிற்குச் சென்ற அன்று அந்த அறை உலர்ந்து கிடந்தது. பெரியவர் அதனை உபயோகிப்பதில்லை என்றும், மருமகளும் பேரனும் அவரைத் தாங்கிச் சென்று கொல்லைப்புறத்திலேயே குளிப்பாட்டுகிறார்கள் என்றும் அறிந்தோம்.

வேறொன்றையும் அறிந்தோம். அதை மருமகளார் தாழ்ந்த குரலில் கூறினார். “மாமா தண்ணீரே குடிப்பதில்லை, ஐயா. நான் தறியில் இருக்கும்போது என்னை எழுப்பக்கூடாதாம். பகல் முழுதும் ஒரு டம்ளரோடு இருந்து விடுகிறார்.” மதுரையின் சித்திரை வெயிலில் ஒரு டம்ளர்! மலச்சிக்கலும், மயக்கமும், நீர்க்கடுப்பும் அவரைப் பிடித்திருந்ததில் வியப்பென்ன? இப்படித் தாகத்தை அடக்கிக்கொள்ளும் முதியோர் நம் ஊர்களில் அநேகர். பிறரை அழைக்க வெட்கப்பட்டு அவர்கள் செய்யும் இந்தச் சிக்கனம், சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிக்கனமாகும்.

அழகாய்க் கட்டிய அறை ஏன் பயன்படவில்லை? குற்றம் கட்டியவருடைய கெட்ட எண்ணத்தில் இல்லை. கடையில் மாதிரியாக வைத்திருந்த அறையை அப்படியே கொண்டுவந்து அந்த வீட்டில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கம்பி கழிப்பிடத்தின் இடப்பக்கச் சுவரில் இருந்தது. பெரியவருக்கு உதவுவதோ வலக்கை. கதவு உட்புறமாகத் திறந்தது. கோலுடன் நுழைபவர் கதவைச் சுற்றித் திரும்ப இடமில்லை. வாசலில் நீர் வெளியே வராதிருக்க நாலங்குலத் தடுப்பு கட்டப்பட்டிருந்தது. இழுத்து வைக்கும் இடது பாதம் அதில் தட்டும். கழிப்பிடத்தின் உயரம் பதினைந்தரை அங்குலம். தறிக்குழியில் தேய்ந்த முழங்கால்களுக்கு அதிலிருந்து எழுவது மலையேற்றம். பூவாளிக் குழாயின் நீர் எடுத்த எடுப்பில் தலையில் விழும். முதலில் காலில் ஊற்றி, பிறகு தோளில் ஊற்றி, கடைசியில் தலைக்கு ஊற்றிப் பழகியவருக்கு அது மூச்சை முட்டச் செய்தது.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதனை இப்பத்திரிகையில் எழுதலாமா என்று சற்றுத் தயங்கினோம். எழுதாவிட்டால் கட்டுரைக்குப் பிரயோஜனமில்லை என்று துணிந்து எழுதுகிறோம். நம் நாட்டில் சுத்தம் செய்துகொள்ள இடக்கையும், உண்ண வலக்கையும் என்பது பால்யத்திலேயே படிந்த பழக்கம். அவருக்கு இடக்கை இயங்காது. உண்ணும் கையால் அந்தக் காரியத்தைச் செய்ய அவர் மனம் ஒருப்படவில்லை. மருமகளிடம் அதைச் சொல்ல நா எழவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. ஓடு பதித்தவர்களோ, குழாய் மாட்டியவர்களோ அதைக் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு வந்து பயிற்சி அளித்த இயன்முறை மருத்துவரான ஓர் இளைஞரே, “ஐயா, கழுவிக்கொள்ள எந்தக் கையை உபயோகிக்கிறீர்கள்?” என்று வெளிப்படையாகக் கேட்டார். பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு எல்லாம் வெளிவந்தது.

அவ்விளைஞரும், சங்கக் காரியதரிசியும், அப்பேட்டையைச் சேர்ந்த ஒரு கொத்தனாரும் கூடி அந்த அறையைத் திருத்தியமைத்தனர். திருத்திய முறையே நாம் வாசகர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது. அவர்கள் முதலில் அறையை அளக்கவில்லை. மூன்று நாள் பெரியவரின் பொழுதை அளந்தனர். அவர் அதிகாலை நாலரை மணிக்கு விழிக்கிறார். கட்டிலிலிருந்து அறைவாசல் வரை அவருக்குப் பதினாலு அடி வைப்பு. இரவில் இருமுறை எழுகிறார். காப்பி அருந்திய பிறகே மலங்கழிக்கப் போகிறார். குழாயில் மாநகராட்சி நீர் வரும் நேரம் வேறு, அவர் குளிக்கும் நேரம் வேறு. ஆகவே தொட்டி நீரே அவருக்கு ஆதாரம். சனிக்கிழமைதோறும் எண்ணெய் முழுக்கு உண்டு. நோய் வந்தபின் வழுக்கி விழுவாரென்று வீட்டார் அதை நிறுத்திவிட்டனர்; அதுவே அவருக்குப் பெருங்குறையாக இருந்தது. வேட்டியை ஒரு கையால் கட்டிக்கொள்ள இயலாது. ஆனால் உட்கார்ந்தபடி சுற்றி, இடுப்பில் ஒரு வாரால் இறுக்கிக்கொள்ள இயலும்.

அதன்பின் அவருடைய உடலை அளந்தனர். நாற்காலியில் அமர்த்திக் குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தால் பதினாறரை அங்குலம். முழங்கால் பலமில்லாதவருக்கு இருக்கை அதனினும் சற்று உயர்ந்திருத்தல் வேண்டும். ஆகவே கழிப்பிடத்தைப் பெயர்த்து, அடியில் சிமெண்டு மேடை எழுப்பி, இருக்கை பதினெட்டு அங்குலம் வருமாறு மீண்டும் நிறுத்தினர். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்க வழிகாட்டு நெறிகள் கூறும் உயரமும் ஏறக்குறைய இதுவே. அதாவது 450 முதல் 480 மில்லிமீட்டர் வரை. ஆனால் கொத்தனார் அந்த எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. செங்கற்களை அடுக்கிப் பலகை போட்டுப் பெரியவரையே உட்கார்ந்து எழச் சொன்னார். ஒரு பலகையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, “இது சரி” என்று அவர் சொன்ன உயரத்தில் சுவரில் கரிக்கோடு கிழித்தார்.

கம்பியின் விஷயம் சற்று நுட்பமானது. அறையினுள் செல்லும்போது வலப்பக்கம் இருக்கும் சுவர், திரும்பி வெளிவரும்போது இடப்பக்கமாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் வலிமையுள்ளவர் கம்பியைப் பற்றி உள்ளே போய்விடுவார். வெளியே வர அவருக்குப் பற்றுக்கோடிராது. ஆகவே நடையின் இரு சுவர்களிலும் கம்பி ஓடவேண்டியதாயிற்று. கழிப்பிடத்தருகே வலப்புறம் கிடையாக ஒன்றும், சற்று முன்னே நெடுக்காக ஒன்றும் பதித்தனர். கிடைக்கம்பி ஊன்றி எழுவதற்கு. நெடுக்கம்பி பற்றி இழுத்து எழுவதற்கு. பெரியவர் ஊன்றுவதைவிட இழுப்பதையே விரும்பினார். அரை நூற்றாண்டு நாடாக் கயிற்றை இழுத்த கை அல்லவா!

கம்பி ஒன்றேகால் அங்குலக் குழாய். அதனினும் பருமனானால் பிடி முழுதும் வளையாது. சுவருக்கும் கம்பிக்கும் இடையே இரண்டங்குலத்திற்குமேல் விடலாகாது. விட்டால் வழுக்கும்போது முன்கை அவ்விடைவெளியில் நுழைந்து எலும்பு முறியக்கூடும். நாலரை அங்குலச் சுவரில் மரமுளை அடித்துத் திருகாணி ஏற்றிய கம்பி, ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் ஒரு கணம் தாங்கவேண்டிய வேளையில் பெயர்ந்து கையோடு வந்துவிடும். அத்தகைய கம்பி இருப்பதைவிட இல்லாதிருப்பது மேல். சுவரின் மறுபுறம்வரை துளைத்து, இரும்புத் தகடு வைத்து மறையாணி முடுக்கியதாயிருக்கவேண்டும். துண்டு உலர்த்தும் கொடிக்கம்பியைப் பிடிகம்பியென்று எண்ணிப் பற்றி விழுந்தவர்களைப் பற்றி எலும்பு மருத்துவர்களைக் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

மேற்சொன்ன வலக்கைச் சங்கடத்திற்குக் கண்ட பரிகாரம் மிக எளியது. வலப்புறம் கைக்கெட்டும் தூரத்தில், விரலால் அழுத்தினால் நீர் பாயும் சிறு தெளிப்புக் குழாய் ஒன்று மாட்டினார்கள். கை படவேண்டிய அவசியமே நீங்கிற்று. இது எந்தக் கடையிலும் கிடைப்பது. முன்பிருந்த அறையிலும் ஒன்று இருந்தது, ஆனால் இடச்சுவரில்! அதே பொருள் மூன்றடி தள்ளி மாட்டப்பட்டமையால் ஒரு மனிதர் ஏழு மாதம் தாகத்தோடிருந்தார்.

குளிக்குமிடத்தில் பூவாளியைக் கழற்றிவிடவில்லை; வீட்டுச் சிறுவர்கள் அதை விரும்புகிறார்கள். அதன் அருகே இருக்கை உயரத்தில் ஒரு கல்மேடை அமைத்து, அதன் வலப்பக்கம் சிமெண்டுத் தொட்டி கட்டினர். தொட்டியின் விளிம்பு மேடையைவிட இரண்டங்குலமே உயரம். அமர்ந்தபடி செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். வாளியைத் தூக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் மணைப்பலகையில் அமர்ந்து தொட்டியருகே குளித்ததும் இதே முறைதான். மணை நாலங்குலம் இருந்தது; இங்கே அது பதினெட்டாகியது. தொட்டிக்கு மூடியும் போட்டிருக்கிறார்கள். கொசு முட்டையிடாதிருக்க அது அவசியம்.

வெந்நீர் விஷயத்தில் இயன்முறை மருத்துவர் ஓர் எச்சரிக்கை செய்தார். வாதம் தாக்கிய பக்கத்தில் சூடு உணரும் சக்தி குறைந்திருக்கக்கூடும். இடக்கையை நனைத்துப் பதம் பார்த்தால் தோல் வெந்த பிறகே தெரியும். ஆகவே கொதிகலனின் சூட்டைக் குறைத்து வைத்து, முதலில் தொட்டியின் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று கலந்து, வலக்கையால் பார்த்தே ஊற்றவேண்டும். இது அறை கட்டுவதல்ல, பழக்கம் கட்டுவது. ஆனால் இரண்டும் கூடினால்தான் குளியலறை.

தரை ஓடுகளைப் பெயர்த்து, மேலூர்ப் பக்கத்துக் கருங்கல் பலகைகளைக் கொத்திய முகம் மேலாக இருக்கும்படி பரப்பினர். எண்ணெயும் சீயக்காயும் படிந்த பளிங்கு ஓடு பனிக்கட்டியை ஒத்தது. கல்லிலும் எண்ணெய் படியும். எனினும் கால் பற்றும். நீர் தேங்காதிருக்க அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தார்கள். எண்ணெய் தேய்ப்பது முற்றத்து நாற்காலியில். பாதத்தின் அடியைப் பயற்றம்பொடியால் துடைத்த பின்னரே உள்ளே நடப்பது. இவ்வாறு சனிக்கிழமை முழுக்கு மீண்டது.

கதவு வெளிப்புறமாகத் திறக்குமாறு மாற்றப்பட்டது. உட்புறம் திறக்கும் கதவின் பின்னே ஒருவர் விழுந்துவிட்டால், அவருடைய உடலே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கலாம். வாசல் தடுப்பை இடித்துச் சரிவாக்கி, நீர் வெளியே வராதிருக்க உள்ளே ஒரு குறுகிய சாக்கடை ஓடையும் அதன்மேல் சல்லடைத் தகடும் வைத்தனர். கடைசியாக, அறையிலிருந்து தறிக்கூடம் வரை ஒரு கயிறு ஓட்டி, அதன் நுனியில் வெண்கல மணியொன்றைக் கட்டினார் பேரன். கயிற்றின் மறுநுனி தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்கும். விழுந்து கிடப்பவருக்கும் எட்டவேண்டுமல்லவா? மின்சார மணி வைத்திருக்கலாம். ஆனால் மின்சாரம் நின்றாலும் தறி நிற்காது. அதுபோல் மணியும் நிற்கலாகாது என்பது பெரியவரின் கட்சி.

இவ்வளவிற்கும் வேண்டியவை குழாய், சிமெண்டு, கல், கொத்தனாரின் சில நாட்கூலி ஆகியவையே. பெயர்த்தெறிந்த ஓட்டின் விலைதான் வீண். முதலிலேயே கேட்டுக் கட்டியிருந்தால் அதுவும் மிச்சம். இப்போது பெரியவர் காலையில் யாரையும் எழுப்பாமல் தம் காரியங்களை முடித்துக்கொள்கிறார். மருமகளாருக்குக் காலைக் குளிர்ச்சியில் தறியில் அமரும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்திருக்கிறது. நெசவாளர் குடும்பத்தில் அந்த ஒரு மணியின் மதிப்பை வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

நிர்வாக சபையில் ஒருவர் இதைப்பற்றி ஓர் ஆட்சேபம் எழுப்பினார். வயதான ஒருவருக்காக வீட்டின் ஒரே குளியலறையை மாற்றியமைத்தால் மற்றவர்கள் என் செய்வது? அவருக்குப் பிறகு அந்த அறை என்னாவது? கேள்வி கடுமையானது, ஆனால் நியாயமற்றதன்று. உயர்ந்த இருக்கையில் சிறுவன் அமரக் காலடியில் ஒரு மரப்படி வைத்தால் தீர்ந்தது. அகன்ற கதவும், சொரசொரப்பான தரையும், சுவர்க்கம்பியும் கருவுற்ற பெண்ணுக்கும், காலில் அடிபட்டவருக்கும், காய்ச்சலில் எழுந்தவருக்கும் உதவும். மருமகளார் இதைக் கேட்டு, “எங்களுக்கெல்லாம் வயது ஏறாதா, ஐயா?” என்று மட்டும் சொன்னார்.

ஆயினும் இந்த அறையே எல்லோருக்கும் மாதிரி என்று வாசகர்கள் கொள்ளலாகாது. அப்படிக் கொண்டால், கடை மாதிரியை விட்டுப் பேட்டை மாதிரியைப் பிடித்துக்கொண்டவர்களாவோம். திருமங்கலத்திற்கும் உசிலம்பட்டிக்கும் இடையே மல்லிகை பயிரிடும் ஓர் அங்கத்தினரின் தேவையைப் பாருங்கள். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது யாவரும் அறிந்தது. அம்மொட்டுகளைப் பொழுது விடியுமுன் கொய்யத் தொடங்கி, மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு நேரத்தோடு அனுப்புகிற அந்த அம்மையார், தம் அரை ஏக்கரில் மருந்து தெளிப்பதையும் தாமே செய்கிறார். அவருடைய உயரம் நாலடி எட்டங்குலம். முழங்காலில் நோவு உண்டு. ஆனால் தரையில் அமர்ந்து எழ இன்னும் வல்லவர். மேனாட்டுக் கழிப்பிடத்தில் அமர விருப்பமில்லாதவர்.

அவருக்கு வேண்டியது வீட்டிற்குள் அமைந்த அறையன்று. தோட்டத்திலிருந்து வரும் வழியில், வெளியிலிருந்தே நுழையத்தக்க வாசலுடைய அறை. பூச்சிமருந்து தெளித்த உடையுடன் அடுப்படியைக் கடந்து உள்ளே செல்வது பிள்ளைகளுக்கு நஞ்சைச் சுமந்து செல்வதாகும். ஆகவே வாசலிலேயே கைகால் கழுவ ஒரு குழாய். அவ்வுடையைத் தனியே நனைத்து வைக்க ஒரு மண்தொட்டி. அதனை வீட்டுத் துணிகளுடன் சேர்த்துத் துவைக்காதிருக்கத் தனியாக ஒரு கல். உள்ளே மாற்றுடை நனையாமல் தொங்க ஒரு மூலை வேண்டும். முன்பிருந்த கொக்கி ஆண்மகனின் உயரத்திற்கு அடிக்கப்பட்டிருந்தது. புடைவையைக் கொக்கியை நோக்கி வீசித்தான் மாட்டவேண்டியிருந்ததாம். அதனை ஓரடி தாழ்த்தினார்கள். குத்துக்கால் கழிப்பிடத்தின் முன்னே தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு கிடைக்கம்பி. எழும்போது பற்றிக்கொள்ள அது போதும். நாலு மணிக்கு இருட்டில் செல்வதால் விளக்கும், பாம்பு நுழையாதிருக்கச் சாக்கடை வாயில் கம்பிவலையும் அவர் கேட்டவை. கூரையில்லாத ஓலைத் தட்டியினுள் இருபது ஆண்டுகள் அவசரம் அவசரமாகக் குளித்தவர், முதுகு தேய்த்துக்கொள்ளும் அளவு நேரம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்றார்.

நெசவாளருக்குக் கட்டிய அறையை இந்த அம்மையாருக்குக் கொடுத்தால் பயனில்லை. இவருடையதை அவருக்குக் கொடுத்தால் ஆபத்து.

மனிதனை அளந்து அறையைக் கட்டுவது என்ற இந்த எண்ணம் உலகுக்கே சற்றுப் புதியது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பேராசிரியர் அலெக்ஸாண்டர் கிரா, மக்கள் எவ்வாறு குளிக்கிறார்கள், எவ்வாறு அமர்கிறார்கள், எவ்வாறு கைநீட்டுகிறார்கள் என்று ஆராய்ந்து 1966-இல் ‘குளியலறை’ என்னும் பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். குளியலறைச் சாதனங்கள் மனித உடலுக்கு ஏற்றவையாய் இல்லை என்பது அவருடைய முடிவு. இங்கிலாந்தில் ஸெல்வின் கோல்ட்ஸ்மித் என்ற இளங்கட்டடக்கலைஞர் 1956-இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டார். ஊனமுற்றோருக்கான கட்டட அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1963-இல் வெளிவந்தது. பின்னர் நார்விச் நகரில் சக்கர நாற்காலியில் செல்வோரை நேரில் கண்டு விசாரித்து, தம் ஆராய்ச்சியை வளர்த்தார்.

நம் நாட்டிலும் இத்தகைய அனுபவத்திற்குக் குறைவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்பிற்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்றுவந்தார். அவரால் உருவான புனர்வாழ்வு நிலையம் வேலூரில் 1966-இல் திறக்கப்பட்டது. தென்காசிக்கருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தோற்றுவித்த ராமகிருஷ்ணன் அவர்கள், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்திற்குக் கீழே செயலிழந்தவர். இத்தகைய நிலையங்களில் குளித்தலும், மலசலங் கழித்தலும், உடை மாற்றுதலும் மருந்துக்கு இணையான பாடங்களாகும். முதுகுத்தண்டு முறிந்தவர் வீடு திரும்புமுன் அவருடைய வீட்டு வாசலின் அகலம் விசாரிக்கப்படவேண்டும். வாசல் இரண்டடி, நாற்காலி இரண்டேகால் அடி என்றால் பெற்ற பயிற்சியெல்லாம் தெருவிலேயே நின்றுவிடும்.

மதுரையில் நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று இருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போனவை. தம் கைக்கேற்ற கருவிகளைக் கொண்டு, அந்த விரல்களாலேயே அவர் பல்லாயிரம் கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கருவி கைக்கு இசையவேண்டும் என்பது அறுவை அறைக்குப் பொருந்துமானால் குளியலறைக்கும் பொருந்தும்தானே?

எளிமையின் பேரால் குளியலறையைச் சுருக்குவோருக்கு ஒரு வார்த்தை. 1936-இல் காந்தியடிகள் வார்தாவுக்கருகே சேவாகிராமத்தில் குடியேறினார். மண்ணாலும் மரத்தாலும் ஆன அவருடைய குடிலில் எல்லாம் சிறியவை. குளியலறை மட்டும் அந்தக் குடிலை நோக்கச் சிறியதன்று. சுகாதாரத்தை அவர் சிக்கனத்தின் பலியாக்கவில்லை.

இனி, பணத்தைப் பற்றி. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ் கிராமத்தில் தனிவீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. அத்தொகைக்குள் கட்டியவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. உடற்குறையுள்ளோர் வீட்டில் எவ்வாறு மாற்றிக் கட்டலாம் என்பதற்கு 2015-இல் மத்திய அரசே ஒரு கையேடு வெளியிட்டது. எனினும் நமது கொத்தனார்களில் அதைக் கண்டவர் அரியர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களுக்கு அணுகல் விதிகளை வகுக்க வழிசெய்தது. பொதுக் கட்டடத்திற்கு யார் வருவார் என்று தெரியாது. ஆகவே அங்கே பொது அளவு வேண்டும். மூன்றடிக் கதவு, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்தளம், சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் ஆகியவை அங்கே இன்றியமையாதவை. நமது சங்க அலுவலகங்களிலும் கூட்டம் நடக்கும் மண்டபங்களிலும் இவை எத்தனையில் உள்ளன என்று அந்தந்தச் சங்கத்தார் பார்த்துக்கொள்வது நலம். வீட்டுக்குள் இருப்பவரோ நாம் அறிந்த ஒருவர். அவருடைய முழங்கால் உயரம் என்ன என்று அவரையே கேட்கலாம்.

செய்யத்தக்கது மிக எளிது. சிமெண்டைப் பிசையுமுன், முற்றத்தில் சுண்ணாம்பால் அறையின் அளவைக் கோடிட்டு, செங்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி, கழிப்பிடமிருக்கும் இடத்தில் ஒரு முக்காலியை வைத்து, உரியவரை ஒரு காலைப்பொழுதின் காரியங்களையெல்லாம் நடித்துக் காட்டச் சொல்லவேண்டும். துண்டை எங்கே வைக்கிறார், கோலை எங்கே சாத்துகிறார், எங்கே கை நீட்டித் தடவுகிறார் என்று கொத்தனார் பார்த்திருக்கவேண்டும். அரைமணி நேரத்தில் பாதிக் குறைகள் புலப்பட்டுவிடும். செங்கல்லை நகர்த்தச் செலவில்லை. இப்போது வீட்டில் எவருக்கும் உடற்குறை இல்லையென்றாலும், கதவை மூன்றடியாக விடுவதும், கம்பி வரத்தக்க இடங்களில் ஒன்பதங்குலச் சுவர் எழுப்புவதும் பின்னால் பெயர்க்கும் வேலையை மிச்சப்படுத்தும்.

சங்கங்கள் வீட்டுக்கடன் விண்ணப்பத்துடன் ஒரே ஒரு தாளை இணைத்துக்கொள்ளலாம் என்பது நமது யோசனை. வீட்டில் யாருக்குக் குளிக்க உதவி தேவைப்படுகிறது? அவர் எந்நேரம் எழுகிறார்? எக்கை வலியது? தரையில் அமர்ந்து எழ இயலுமா? நாற்காலியில் அமர்ந்த நிலையில் முழங்கால் உயரம் எவ்வளவு? படுக்கையிலிருந்து அறைவரை எத்தனை அடி வைப்பு? இப்போதுள்ள அறையில் எதைக் கண்டு அஞ்சுகிறார்? இத்தாளை நிரப்பவேண்டியவர் கடன் வாங்கும் குடும்பத் தலைவரல்லர். அந்த அறையை உபயோகிக்கப் போகிறவர். எழுதத் தெரியாதவராயின் காரியதரிசி அவரிடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பெண்களிடம் ஒரு பெண் அங்கத்தினர் கேட்பதே உசிதம். கையொப்பமிட இயலாதவருக்குப் பெருவிரல் ரேகை போதும்.